மதிப்பெண் பிரெஞ்சும் வாய்ப் பிரெஞ்சும்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் உடைக்காத முந்திரிக்கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வருவது. அதை அனுப்பும் ஐவரி கோஸ்ட், பெனின் போன்ற நாடுகளில் அலுவலக எழுத்தெல்லாம் பிரெஞ்சில்தான். சரக்கோடு வரும் தாவர நலச் சான்றிதழ் பிரெஞ்சில் இருந்தால், கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். துறைமுகத்திலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் தருவைகுளம். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய், பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்துப் படித்த பிள்ளை அந்த ஆளாக முடியுமா? ஒரு தலைமுறைக்கு முன் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பிரெஞ்சு அப்போது வேறு காரியத்துக்குப் பயன்பட்டது.

அந்தக் காரியம் மதிப்பெண். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘பார்ட் ஒன்’ என்பது மொழிப்பாடம். பலரும் தமிழ் எடுப்பார்கள். வசதி இருக்கும் கல்லூரிகளில் இந்தி, பிரெஞ்சு என்றும் எடுக்கலாம். தமிழ் எடுத்தவருக்குச் செய்யுள், இலக்கணம், காப்பியம், நாவல் என்று பாடம் நீளும். பிரெஞ்சு எடுத்தவர் எழுத்துகளிலிருந்து தொடங்குவார். கேள்வியும் அந்த அளவுக்கே இருக்கும். பிளஸ் டூவிலும் இதே கணக்குதான். “பிரெஞ்சு எடு, டோட்டல் ஏறும்” என்பதே அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லிக்கொடுத்த உபாயம். டாக்டர், எஞ்சினியர் ஆகப் போகிற பிள்ளைகள் அந்த வழியாக பிரெஞ்சுக்குள் நுழைந்து, அதே வேகத்தில் வெளியேறினார்கள்.

வகுப்பில் ஆசிரியர் விளக்கியது ஆங்கிலத்தில். தேர்வில் வினைச்சொல் வாய்பாடு, ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஒரு பத்தி, நெட்டுருப் போட்ட ஒரு கடிதம். மூன்று மணி நேரத் தேர்வில் வாயைத் திறக்க வேலையே இல்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஓடிய பிரெஞ்சுப் பாடநூல் கஸ்தோன் மொஜே எழுதியது, 1953இல் வெளிவந்தது. கனடாவிலிருந்து கப்பலேறிப் பாரிசுக்குப் போகும் வேன்சான் குடும்பம்தான் அதன் கதைமாந்தர்கள். அதே 1953இல்தான் சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழி மையம் தொடங்கியது. பேச்சு பழக வேண்டும் என்றால் அங்கே போக வேண்டும். தூத்துக்குடிப் பிள்ளைக்கு அது ஓர் இரவு ரயில் பயணத் தூரம்.

தூத்துக்குடிக் கரையான முத்துக்குளித்துறைக்கு, பேச வராமல் மொழியை நெட்டுருப் போடும் இந்தச் சிக்கல் புதிதல்ல. 1542இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அன்ரிக்கே அன்ரிக்கசு அடிகளார் வேறு வழியில் போனார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தால் பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. அதனால் இலக்கணத்தை முறையாகப் படித்து, நாள்தோறும் மக்களோடு பேசிப் பழகி, துபாஷி இல்லாமல் சமாளிக்கும் அளவுக்கு வந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் கைவண்ணம். பிற்பாடு, 1838இல், புதிய மதுரை மிஷனைத் தொடங்கிய இயேசு சபையார் பிரான்சிலிருந்தே வந்தார்கள். அவர்களும் தமிழ் படித்தாக வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியில் மூசே, துப்புய் என்னும் பாதிரிமார் இருவரும் சேர்ந்து செய்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855க்கும் 1862க்கும் இடையில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. இந்தக் கரைக்கு வந்த பிரெஞ்சுக்காரர் வேலைக்காகத் தமிழ் கற்றார். இந்தக் கரையின் பிள்ளைகள் மார்க்குக்காக பிரெஞ்சு கற்றார்கள்.

இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. மாற்றியது பல்கலைக்கழகம் என்று சொல்ல முடியாது. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியதால், பள்ளியில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சுக்குத் தாவும் வழி படிப்படியாக அடைபட்டது. இன்னொரு பக்கம், 2001இல் ஐரோப்பிய கவுன்சில் வகுத்த ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு மொழித்திறன் படிநிலைகள் உலகம் முழுக்க அளவுகோலாயின. அவற்றையொட்டி நடக்கும் டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒன்றில் 5க்குக் கீழே போனால், மற்ற மூன்றிலும் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. வாய் திறக்காதவர் தேற முடியாத தேர்வு இது.

தேவையும் நிஜமாகவே வந்திருக்கிறது. குடியேற விண்ணப்பிப்பவர்களில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குக் கனடா கூடுதல் புள்ளி தருகிறது. 2023 முதல் அவர்களுக்கென்றே தனி அழைப்புச் சுற்றும் நடத்துகிறது. மொஜேயின் வேன்சான் குடும்பம் கனடாவிலிருந்து பிரான்சுக்குப் போனது. நம் ஊர் நர்ஸ்களும் கணினிக்காரர்களும் கனடாவுக்குப் போவதற்காக பிரெஞ்சு படிக்கிறார்கள். 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களைச் சேர்ப்பது என்று பிரான்ஸ் இலக்கு வைத்திருக்கிறது. முதல் ஓராண்டு மொழியைக் கற்றுக்கொண்டு, பிறகு பிரெஞ்சு வழியிலேயே பட்டப்படிப்பைத் தொடரும் வகுப்புகளையும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தொடங்கியிருக்கின்றன. 1980களிலிருந்து பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழரில் பலர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மொழியைப் பிடித்தவர்கள். இனி அதுமட்டும் போதாது. 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு பி2 நிலை வேண்டும்.

இதற்காக தருவைகுளத்தில் எல்லாரும் பிரெஞ்சு படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர் விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பவை. இலங்கை, மாலத்தீவுக் காவல் படகுகளிடம் சிக்கும்போது பிரெஞ்சு உதவாது. சரக்குக் கப்பலில் மாலுமியாகப் போகும் இளைஞனுக்கும் ஆங்கிலம் போதும். முதலாளி மார்செய் நகரத்து நிறுவனமாக இருந்தாலும் கப்பலின் பொது மொழி ஆங்கிலந்தான். பிரெஞ்சு வேண்டியது கரையில் வேலை தேடுகிறவர்களுக்கு: ஏற்றுமதி இறக்குமதி ஆவணம் பார்ப்பவர், நர்ஸ், மேற்படிப்புக்குப் போகிறவர், மொழிபெயர்ப்பாளர்.

இவர்களில் பலர் கல்லூரிக்குள் ஒரு பிரெஞ்சும் வெளியே ஒரு பிரெஞ்சுமாகப் படிக்கிறார்கள். பகலில் தேர்வுக்கு வாய்பாடு. இரவில் போனை வைத்துக்கொண்டு காசு கட்டிய ஆன்லைன் வகுப்பு. கொரோனாவுக்குப் பிறகு சென்னைக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைந்தது, இது பெரிய லாபம். ஆனால் தேர்வுக் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் கட்ட முடிந்தவர் மட்டுமே வாய்ப் பிரெஞ்சுக்கு வருகிறார். கடன் வாங்கிப் படகு இறக்கும் வீட்டுப் பிள்ளை மதிப்பெண் பிரெஞ்சோடு நின்றுபோகிறாள்.

இதைச் சரிசெய்யப் புதிய துறையோ கட்டடமோ வேண்டாம். மொழிப்பாடத் தேர்வின் நூறு மதிப்பெண்ணில் கால் பங்கை நேரில் பேசுவதற்கு ஒதுக்கினால், வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும். மாணவர் எதைப் படிப்பது என்பதைத் தேர்வுதான் தீர்மானிக்கிறது. பாடப்புத்தகப் பத்திக்குப் பதில் ஐவரி கோஸ்ட் சான்றிதழின் நகலைக் கொடுத்து, எடை, தேதி, மருந்தடித்த விவரம் என்ன என்று கேட்கலாம். மதிப்பெண்ணை வைத்துத்தான் இத்தனை காலம் பிள்ளைகளை இந்த மொழிக்குள் இழுத்தோம். அதே மதிப்பெண்ணை வைத்து அவர்களைப் பேசவும் வைக்கலாம்.