பிள்ளை வளரும், செயற்கைக்கால் வளராது

மிதிவெடியில் காலை இழந்த பிள்ளைக்குச் செயற்கைக்கால் கிடைத்ததும் காரியம் முடிந்தது என்று நாம் ஆறுதலடைந்து விடுகிறோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் கால் வீட்டு மூலையில் கிடக்கிறது. பிள்ளை பாடசாலைக்குப் போவதில்லை. கேட்டால், "போட மனமில்லையாம்" என்கிறார் தாய். பெரும்பாலும் அது மனமின்மை அல்ல, நோவுதான்.

எமது பகுதிகளில் பலரும் அறிந்த ஜெய்ப்பூர் காலை இந்தியாவில் 1968 அளவில் உருவாக்கியவர்கள் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியருமாவர். அதற்கு முன்பிருந்த மேல்நாட்டுக் கால்களுக்குச் சப்பாத்து வேண்டும், குந்தியிருக்க முடியாது. ரப்பர் பாதம் கொண்ட ஜெய்ப்பூர் காலுடன் சப்பாத்தில்லாமல் வரம்பில் நடக்கலாம், சேற்றிலும் இறங்கலாம். கமக்காரருக்கு ஏற்ற கால் இது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் இதற்கென ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

ஆனால் பாதம் எவ்வளவு நல்லதாயினும், நோவைத் தீர்மானிப்பது மேலேயுள்ள கிண்ணம் போன்ற பகுதியே. எஞ்சிய கால் அதற்குள்தான் இருக்கிறது. பிள்ளை வளர, கிண்ணம் இறுகும், செயற்கைக்கால் கட்டையாகிவிடும். பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும், முதுகு நோகும். சில பிள்ளைகளுக்கு உள்ளே எலும்பு கூராக வளர்ந்து தோலைக் குத்துவதும் உண்டு. அதற்கு வைத்தியரே வழி சொல்ல வேண்டும். ஆகையால் வளரும் பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். பணமும் பஸ்ஸும் இல்லாத சிரமம் எமக்குத் தெரியும். அதற்காகக் கிண்ணத்தை வீட்டில் சூடாக்கி விரிக்கப் பார்ப்பது, உள்ள காலையும் கெடுத்துவிடும்.

காலைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறைந்தால் பயமில்லை. அரை மணித்தியாலமாகியும் மறையாவிட்டால், அல்லது கொப்புளமோ புண்ணோ இருந்தால், நிலையத்தில் காட்டும்வரை அதைப் போட வேண்டாம். எஞ்சிய காலை இரவில் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். காலையில் கழுவி உடனே மாட்டினால் ஈரத்தோல் உரஞ்சுப்படும். எண்ணெய் பூசி மாட்டுவதும் கூடாது. உள்ளே போடும் பருத்தி உறையைத் தினமும் தோய்க்க வேண்டும். எமது வெயிலில் ஓர் உறை போதாது, இரண்டாவது வைத்திருங்கள்.

கால் திருத்தத்துக்குப் போயிருக்கும் நாட்களிலும் படிப்பு நிற்க வேண்டியதில்லை. ஊன்றுகோல்கள் போதும். மேல்நுனிக்கும் கக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். பாரத்தைக் கைகள் தாங்க வேண்டும். கக்கத்தில் தொங்கினால் நரம்பு நசிந்து கை விறைக்கும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் ஈரச் சீமெந்தில் சறுக்கும், உடனே மாற்றுங்கள்.

அதிபரிடம் ஒன்று கேளுங்கள்: வகுப்பு மாடியிலா, கீழேயா? மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு தடி உண்டா? சுவரில் ஒரு தடி பதிக்கப் பெரிய செலவில்லை. அது இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடியாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு, வெட்கத்தில் வீட்டில் சொல்லமாட்டார்கள்.

மீண்டும் இடம்பெயர நேர்ந்தால், குடும்ப அட்டையோடு நிலையம் தந்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எந்த அளவில் கால் செய்தார்கள் என்பது அதில் இருந்தால், புதிய இடத்தில் செய்பவர்களுக்கு வேலை இலகுவாகும்.