இரண்டு நாள் விடுப்பில் ஒரு தீவு



வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு விடுமுறை என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. ஊருக்குப் போவது என்பதே அது. பொங்கலுக்கு ஒரு முறை, கோயில் திருவிழாவுக்கோ தங்கை திருமணத்துக்கோ இன்னொரு முறை. அத்துடன் ஆண்டின் விடுப்பும் தீர்ந்துவிடும், கைப்பொருளும் கரைந்துவிடும். புனே நகருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கும் ரஞ்சன்காவில் இந்நிலையை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அட்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயில் அவ்வூருக்குப் பழம்பெருமை, தொழிற்பேட்டை புதுப்பெருமை. அத்தொழிற்பேட்டையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றில், அண்மையில் ஒரு மாலை காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். அவ்வீட்டு அம்மையார் சொன்னார்: "அண்ணா, இங்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் நான் பார்த்தவை இரண்டு வீடுகளும், அவற்றுக்கு நடுவே ஓடும் ரயிலுந்தான்."

அவருடைய கணவர் கல்நெஞ்சர் அல்லர், கணக்குத் தெரிந்தவர். ஊரில் தாயாருக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கென எட்டு நாள் விடுப்பை அவர் தொடாமல் வைத்திருக்கிறார். பிள்ளைகளோ பாடப்புத்தகத்தில் தீவு என்று படித்துவிட்டு, "நாற்புறமும் தண்ணீர் இருந்தால் எப்படி இருக்கும் அப்பா?" என்று கேட்கிறார்கள். அந்த எட்டு நாளைத் தொடாமலும், கடன் வாங்காமலும் ஒரு தீவைப் பார்க்க இயலுமா என்பது கேள்வி. இயலும் என்று சொன்னேன். அன்று அவருடன் அமர்ந்து போட்ட கணக்கையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தீவு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை அந்தமானும் இலட்சத்தீவும். இரண்டும் அழகியவை என்பதில் ஐயமில்லை. அந்தமானில் ஷகீத் தீவு என்று 2018ஆம் ஆண்டில் பெயர் மாற்றம் பெற்ற நீல் தீவு அமைதிக்குப் பெயர்போனது. தலைநகராகிய ஸ்ரீவிஜயபுரத்தில் (2024 வரை அதற்குப் போர்ட் பிளேர் என்று பெயர்) கடைத்தெருவிலேயே தமிழ் கேட்கலாம். ஆனால் சென்னையிலிருந்து கப்பலில் சென்றால் போவதற்கு மட்டும் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். வானூர்தியில் சென்றாலோ நால்வர் குடும்பத்தின் பயணச் சீட்டே ஒரு மாத ஊதியத்தை விழுங்கிவிடும். இலட்சத்தீவுக்கு முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற வேண்டும். கொச்சி வரை சென்று கப்பலும் ஏற வேண்டும். இவை பதினைந்து நாள் விடுப்பு உள்ளவர்களுக்கு உரியவை.

தீவுப் பயணத்தில் பணத்தைத் தின்பது தீவு அன்று. தீவை அடையும் வழியே. எனவே ஒரே இரவில் அடையக்கூடிய தூரத்தில், உள்ளூர் மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் படகுத்துறை உள்ள தீவாகத் தேட வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஓடும் படகில் விலை ஏறும். பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் படகில் விலை ஏறாது. இவ்வகையில் ரஞ்சன்காவில் இருப்பவர்களுக்கு ஏற்ற தீவு கோவாவில் மாண்டவி ஆற்றின் நடுவே இருக்கும் திவார்.

கோவா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கூச்சலும் கேளிக்கையும் நிறைந்த கடற்கரைகள் வேறு, இந்தத் தீவு வேறு. திவாரில் கடற்கரையே கிடையாது. அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வயல், அலையாத்திச் செடிகள், ஓட்டு வீடுகள், குன்றின் மேல் ஒரு தேவாலயம், இவ்வளவே. பெரிய நிலப்பரப்புடன் அதை இணைக்கும் சாலைப் பாலம் இல்லை. அதனால்தான் அமைதி அங்கே இன்னும் தங்கியிருக்கிறது.

முதலில் நாட்கணக்கு. வியாழக்கிழமை முதல் முறைவேலையை முடித்துக்கொண்டு கிளம்பினால், இரவில் புனேயிலிருந்து பணஜி செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம். ஏறக்குறைய 450 கிலோமீட்டர். மறுநாள் காலை பணஜியில் இறங்கலாம். வாகோலியில் சாலை நெரிசல் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிடுங்கள். வெள்ளி, சனி இரண்டும் விடுப்பு. ஞாயிறு வார ஓய்வு. அன்று பிற்பகல் மட்காவ் நிலையத்தில் கோவா எக்ஸ்பிரஸ் ஏறினால், திங்கள் விடியுமுன் புனே. அன்று இரண்டாம் முறைவேலைக்குப் போய்விடலாம். ஆக, செலவாகும் விடுப்பு இரண்டே நாள். வார ஓய்வு வேறு கிழமையாயின் இதே வரிசையை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். ரயில் நேரத்தைப் புறப்படுமுன் ஒரு முறை சரிபார்ப்பதும் நன்று.

போகும்போதும் ரயிலிலேயே செல்லலாமே என்பீர்கள். செல்லலாம், செலவு குறையும். ஆனால் ரயிலைப் பிடிக்க வியாழக்கிழமையும் விடுப்பு எடுக்க நேரிடும். ஒரு நாள் விடுப்பா, பேருந்துக்கான கூடுதல் பணமா என்பதை அவரவர் குடும்ப நிலைதான் தீர்மானிக்க வேண்டும். கண்புரை அறுவைக்கு நாள் சேர்த்து வைத்திருக்கும் என் நண்பருக்கு நான் பேருந்தையே சொன்னேன்.

இனிப் பணக்கணக்கு. நால்வருக்கு ரூ. 14,000 என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துக்கு ரூ. 6,000, இரண்டு இரவு தங்குவதற்கு ரூ. 4,000, உணவுக்கு ரூ. 3,000, எஞ்சிய ஆயிரத்தைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். இது விலைப்பட்டியல் அன்று, பங்கீட்டு முறை. கட்டணங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவன. முன்பதிவு செய்யும்போது ஒரு பங்கு மீறினால், அடுத்த பங்கிலிருந்து எடுங்கள், உறையைத் தொடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ செருப்பு அறுந்தாலோ உதவுவது அந்த உறைதான்.

தங்குமிடத்தைப் பற்றி ஒரு சொல். திவாரிலேயே பழைய வீடுகள் சில விடுதிகளாக மாறியிருக்கின்றன. பார்க்க அழகு, வாடகை நம் கணக்குக்கு எட்டாது. பணஜியிலோ பழைய கோவாவிலோ எளிய அறை எடுத்துக்கொண்டு, காலையில் தீவுக்குச் சென்று மாலையில் திரும்புவதே நலம். டிசம்பர் கடைசிப் பத்து நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், வாடகை பன்மடங்காகிவிடும். ஆகஸ்டு நான்காம் சனிக்கிழமை திவாரில் போண்டெராம் என்னும் கொடித் திருவிழா நடக்கும். விழா விரும்பிகள் போகலாம். அமைதியை நாடுவோர் அன்று விலகியிருப்பது நலம். என்னைக் கேட்டால் செப்டம்பர்ப் பிற்பகுதியைச் சொல்வேன். மழை ஓயத் தொடங்கியிருக்கும். வயல் இன்னும் அறுவடையாகாமல் நிற்கும். அறைகள் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கொரு குடை மட்டும் மறவாதீர்கள்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணஜிக்கு அருகில் ரிபந்தர் துறையிலிருந்தும், பழைய கோவாவில் அரசப் பிரதிநிதி வளைவு என்னும் கல்வாயிலுக்கு அப்பாலுள்ள துறையிலிருந்தும் தட்டையான இரும்புப் படகுகள் திவாருக்குச் செல்கின்றன. கடப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். இவை அரசின் நதிப் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தவை. நடந்து ஏறுவோரிடம் கட்டணம் வாங்காமலே நெடுங்காலமாக ஓடி வந்திருக்கின்றன. இருப்பினும் கையில் சில்லறை இருக்கட்டும். தீவில் கால் வைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டுவைப்பது. அதைக் கேட்க மறந்து, ஒரு முறை நான் இருட்டில் ஆற்றங்கரையில் நின்றிருக்கிறேன். படகு வந்தது; அது வரும் வரை மனம் பட்ட பாடு தேவையற்றது.

தீவில் என்ன பார்ப்பது? நம் ஊர்களில் பெரும்பாலானவை நெல் விளையும் ஊர்கள். ஆகவே முதலில் வயலைப் பாருங்கள் என்பேன். அங்கே கஸான் என்று அழைக்கப்படும் நிலங்கள் கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் உயரும் மட்டத்துக்கும் தாழ்ந்தவை. மாண்டவியில் உப்புநீர் நாள்தோறும் ஏறி இறங்கும். அதைத் தடுக்க மண்ணாலும் கல்லாலும் கரை எழுப்பி, கரையின் இடையிடையே மதகு வைத்திருக்கிறார்கள். அம்மதகுக்கு மானஸ் என்று பெயர். அதன் மரக்கதவை யாரும் திறந்து மூடுவதில்லை. ஆற்றில் நீர் ஏறும்போது அந்த நீரின் அழுத்தமே கதவை மூடிவிடும். நீர் வற்றும்போது, வயலுக்குள் தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். மழைக்காலத்தில் மண்ணின் உப்பு கழுவப்பட்டு, உப்பைத் தாங்கும் கோர்குட் போன்ற நெல் விளையும். மதகடியில் மீனும் இறாலும் கிடைக்கும். அங்கே மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டு வந்தார்கள். கரையைக் காக்கும் பொறுப்பைப் போர்த்துக்கீசியர் வருமுன்பே கிராமச் சமூகங்கள் ஏற்றிருந்தன. நம் நாட்டுக் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கரை உடைந்தால் உப்பு புகுந்து நிலம் பாழாகும். கவனிப்பாரின்றிப் பாழான கஸான் நிலங்கள் கோவாவில் இன்று பல உண்டு. நீர் வற்றும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தக் கதவைக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் அது இராது.

தீவின் வடபகுதியில் நரோவா என்னும் சிற்றூர் இருக்கிறது. கதம்ப அரசர்களின் குலதெய்வமாகிய சப்தகோடீசுவரர் கோயில் அங்கேதான் இருந்தது. (கோவா அரசுப் பேருந்துகளுக்குக் கதம்பா என்ற பெயர் வந்தது அவ்வரசர்களால்தான்.) பதினான்காம் நூற்றாண்டில் பாமினிப் படையெடுப்பால் அழிந்து, விஜயநகர ஆட்சியில் மீண்டெழுந்த அக்கோயிலைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தனர். இலிங்கத்தை அன்பர்கள் ஆற்றைக் கடந்து மறைவாகக் கொண்டு சென்றனர். அக்கரையில் நார்வே என்னுமிடத்தில் 1668ஆம் ஆண்டில் அக்கோயிலைப் புதுப்பிக்கச் செய்தவர் சத்திரபதி சிவாஜி. செஞ்சிக்கோட்டையை 1677இல் பிடித்த அதே சிவாஜிதான். நரோவாவில் இன்று பழைய கற்குளத்தைக் காணலாம். அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே படகேறி அக்கரைக் கோயிலையும் வழிபட்டு வரலாம். பியதாத் குன்றின் மேலுள்ள தேவாலயத்துக்கு மாலை வெயிலில் ஏறுவது நல்லது. அங்கிருந்து ஆற்றுக்கு அப்பால் பழைய கோவாவின் கோபுரங்கள் தெரியும்.

அக்கோபுரங்களுக்குக் கீழே நமக்கும் ஓர் உறவு உண்டு. போம் ஜேசு பேராலயத்தில் உடல் வைக்கப்பட்டிருக்கும் பிரான்சிஸ் சவேரியார், 1542 முதல் நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றியவர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலுக்கான எழுத்துகளில் ஒரு தொகுதி, அதற்கு முந்தைய ஆண்டில் கோவாவில் வார்க்கப்பட்டது. நுழைவுக் கட்டணமின்றிக் காணக்கூடிய இந்தத் தேவாலயங்களுக்கு அரை நாள் போதும்.

உணவுக்குத் திண்டாட்டம் இல்லை. அங்கே உண்பது நம் புழுங்கல் அரிசி போன்ற தடித்த அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும். மரக்கறி உண்போர் பணஜியில் இட்டிலி, தோசை கிடைக்கும் உணவகங்களில் காலை உண்டு, நண்பகலுக்குக் கட்டுச்சாதம் எடுத்துச் செல்வது மேல். தீவில் கடைகள் குறைவு. பேச்சுக்கும் தடையில்லை. தொழிற்சாலையில் பழகிய மராத்தி கொங்கணி பேசுவோரிடம் நன்றாகவே கைகொடுக்கும்.

பிள்ளைகளுக்குக் கடல் வேண்டுமென்றால், ஞாயிறு காலை பணஜியை ஒட்டிய மீராமார் கடற்கரையில் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, பேருந்தில் மட்காவுக்கு வந்துவிடுங்கள். ரயிலில் குலேம் நிலையம் தாண்டியதும் சன்னலருகே பிள்ளைகளை உட்கார வையுங்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போதே ரயில் மலையேறும். சுமார் 310 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தூத்சாகர் அருவியைத் தண்டவாளம் நெருங்கிக் கடக்கிறது. அதன் பின் இருட்டிவிடும், உறங்கலாம். புனேயில் விடியுமுன் இறங்கி, ரஞ்சன்காவுக்கு முதல் பேருந்தைப் பிடித்தால், வீட்டில் காலைப்பலகாரம் முடித்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம்.

நண்பர் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிட்டார். ஊருக்கான எட்டு நாள் விடுப்பு அப்படியே இருக்கிறது. ஆயிரம் ரூபாய் உறையை ஒட்டி, அம்மையார் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாராம்.