அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு

ராயபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். விசைப்படகுக்கு இன்ஜின் மாற்ற வேண்டும் என்று காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தை மாதம் அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ல்தான் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். படகு வேலையெல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும்.

“தடைக்காலத்துலதானே மாத்தப் போறீங்க, இப்பவே எதுக்கு ஐயா நாலு கொட்டேஷன்?” என்று கேட்டேன்.

“சித்திரையில துறைமுகமே ஒர்க்‌ஷாப் மாதிரி ஆயிடும் சார். எல்லாருக்கும் அவசரம். அப்போ போய் நின்னா, நம்ம அவசரத்துக்கும் சேர்த்து விலை போட்ருவான்.”

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. நான் பட்டதாரி, வங்கி அதிகாரி. ஆனால் அந்தப் பாடத்தை நான் படித்து முடிக்கப் பல வருடம் ஆனது. அதற்குக் கட்டணமும் கட்டினேன்.

ஓய்வு பெற்று, பொன்னேரிப் பக்கம் ஐந்து ஏக்கரில் இயற்கை விவசாயம் தொடங்கிய முதல் வருடம். சம்பா உழவுக்கு வாடகை டிராக்டர் கிடைக்கவில்லை. மழை வேறு வந்துவிட்டது. பதறிப்போய் முதலில் பார்த்த கடைக்குள் நுழைந்தேன். “ஐயா, அரை மணி நேரத்தில் கடன், சாயங்காலம் வண்டி” என்றார்கள். மினி டிராக்டரோடு வீடு வந்தேன். அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி அதே வண்டியை 22,000 ரூபாய் குறைவாக வாங்கினார், கேஜ் வீலும் இலவசமாக. கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்தவன், என் கணக்கை மட்டும் பார்க்கவில்லை.

அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வாங்கித்தான் ஆகணுமா?

முதல் பேரம் நம்மோடுதான். வருடத்துக்கு எத்தனை மணி நேரம் அந்தக் கருவி ஓடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். வேளாண் பொறியியல் துறையின் கருவிகளை உழவன் செயலி வழியாகவே வாடகைக்குப் பதிவு செய்யலாம். சொந்தமாக வாங்குவதென்றே முடிவு செய்தாலும் இந்தக் கணக்கு வீண் போகாது. ‘இது இல்லாவிட்டாலும் இந்தப் பட்டம் ஓடும்’ என்று தெரிந்தவனால்தான் விலை ஒத்துவராதபோது கடையிலிருந்து எழுந்து வர முடியும். பேரத்தில் நம் கையிலிருக்கும் பெரிய பலமே அதுதான்.

விலையைப் பிரித்துக் கேளுங்கள்

‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்டால் ஒரே எண் வரும். அதற்குள் எதுவும் ஒளிந்திருக்கலாம். ஷோரூம் விலை, ஜி.எஸ்.டி., பதிவுச் செலவு, காப்பீடு, உதிரிக் கருவிகள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் கேட்டவுடன் குறையும். காப்பீட்டை அந்தக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியிலும் விசாரியுங்கள்.

வரி மாற்றங்களையும் கவனிக்கணும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும், உழவு, அறுவடைக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 4 லட்சம் விலையுள்ள வண்டியில் இது 28,000 ரூபாய். பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசினால் ஏமாறுவோம்.

மானியத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. ‘மானியம் போக இவ்வளவுதான்’ என்று சொன்னால் அதோடு நிற்காதீர்கள். மானியம் இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கு அதே மாடல் என்ன விலை என்று வேறு கடையில் கேளுங்கள். இரண்டு முழு விலைகளையும் ஒப்பிட்டால்தான், மானியம் நமக்கு வருகிறதா, விலையை ஏற்றி வேறெங்காவது போகிறதா என்று தெரியும்.

தவணையைப் பார்க்காதீர்கள், வட்டியைப் பாருங்கள்

‘மாசம் இவ்வளவு கட்டினா போதும்’ என்பதில்தான் நான் விழுந்தேன். ஒரு லட்சம் கடன், மூன்று வருடம், 10 சதவீத ‘ஃபிளாட்’ வட்டி என்றால் மொத்த வட்டி 30,000. அதே 10 சதவீதம், கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்றால் சுமார் 16,200-தான். ஃபிளாட் 10 என்பது உண்மையில் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஷோரூம் விலையில் ஐந்தாயிரம் குறைத்துவிட்டு வட்டியில் பதினைந்தாயிரம் எடுத்தால் லாபம் யாருக்கு?

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வழங்கும் தனிநபர், சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு, வங்கியோ நிதி நிறுவனமோ ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

கடன்பட்டவன் பேரம் பேச முடியாது

காசிமேட்டில் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? விடியற்காலையில் மீன் வந்து இறங்கும், விலை கூவுவார்கள். பார்ப்பதற்கு எல்லாம் வெளிப்படையாகத்தான் இருக்கும். ஆனால் படகுக்கோ வலைக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், மீனை அவர் கையில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு விலை ஏலத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. மண்டியில் அட்வான்ஸ் வாங்கிய நம் நிலையும், கணக்கு வைத்துப் பொருள் எடுக்கும் கடையில் நம் நிலையும் அதேதான்.

இதை மீனவர்களே உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் கிராமச் சங்கங்கள் அமைத்து, ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். அந்தச் சங்கங்கள் சேர்ந்து உருவானதுதான் ‘சிஃப்ஸ்’ என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. தனி ஆளாகக் கடையில் கெஞ்சாமல், கூட்டமைப்பு வழியாக வெளிநாட்டிலிருந்து படகு இன்ஜின்களை வரவழைத்தார்கள். பழுதுபார்க்கும் நிலையங்களையும் அவர்களே நடத்தினார்கள்.

நாமும் செய்யலாம். ஐந்து பேருக்கு வீடர் வேண்டுமா? ஐந்து பேரும் சேர்ந்து ஒரே நாளில் மூன்று கடைகளுக்குப் போங்கள். விலையோடு நிறுத்தாமல், பழுதானால் எத்தனை நாளில் மெக்கானிக் வருவார், உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பட்டம் தொடங்க இரண்டு மாதம் முன்பே போங்கள்.

கடைக்காரருக்கும் வாடகை, சம்பளம் உண்டு. அவருடைய நியாயமான லாபத்தைப் பிடுங்குவது நம் வேலையில்லை. நாளைக்கு வண்டி நின்றால் அவர் முகத்தில்தான் விழிக்கணும்.

கடைசியாக ஒன்று. வாசலில் கீரைக்கட்டோடு வரும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசுகிறோம். நான்கு லட்சம் ரூபாய் வண்டிக்கு ஏ.சி. அறையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். கீரை விளைவிக்கிற நமக்காவது இது உறைக்க வேண்டாமா? கீரைக்காரம்மா கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். பேசும் திறமையை ஷோரூமுக்குச் சேமித்து வையுங்கள்.