பெட்ரோல் குடிக்கும் பழைய வண்டி: கார்புரேட்டர் டியூனிங்கில் என்ன நடக்கிறது? 2 கார்புரேட்டர் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை காதால் கேட்டே சரி செய்யலாம்!

சங்கரன்கோவில்:

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பெட்ரோல் மட்டும் குடிக்குது." சங்கரன்கோவில்-ராஜபாளையம் ரோட்டில் உள்ள கரிவலம்வந்தநல்லூர் பக்கம் பழைய டி.வி.எஸ். 50, ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கு இந்த புலம்பல் புதிதல்ல. பட்டறைக்கு போனால் மெக்கானிக் திருப்பிப் பார்ப்பது கார்புரேட்டரில் உள்ள சின்ன ஸ்குரூவைத்தான்.

கார்புரேட்டரின் வேலை, காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது. 1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும். குறைந்தால் என்ஜின் சூடேறும், பிளக் முனை வெளுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில்தான். பிளக் லேசான காபி கலரில் இருந்தால் கலவை சரி.

பைக்கில் இது ஒரு கார்புரேட்டரோடு முடிந்துவிடும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை. 1961-ம் ஆண்டு முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்ததுதான் 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் கார். 4 சிலிண்டருக்கு 2 எஸ்.யு. கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இழுத்தால் ஒத்தை மாடு இழுக்கும் வண்டி மாதிரி என்ஜின் உதறும்.

டியூனிங் செய்ய முதலில் என்ஜினை நன்றாக சூடாக்க வேண்டும். பிளக், பாயிண்ட், வால்வு இடைவெளியை முன்னாடியே பார்த்துவிட வேண்டும். பாயிண்ட் கோளாறை கார்புரேட்டர் தலையில் கட்டுவது பலர் செய்யும் தப்பு.

அடுத்து ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டர் வாயில். 'உஸ்' என்ற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கும் வரை ஸ்லோ ஸ்குரூவை திருப்ப வேண்டும். விசிறி பெல்ட் பக்கம் கை, துணி போகாமல் ஜாக்கிரதை!

பிறகு கலவை. எஸ்.யு. கார்புரேட்டருக்குள் ஒரு பிஸ்டன் மேலே கீழே ஆடும். அதில் உள்ள ஊசி, ஜெட்டுக்குள் இறங்கி ஏறி பெட்ரோலை அளந்து விடும். பிஸ்டனை 1 மில்லி மீட்டர் அளவு மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே அடங்கினால் பெட்ரோல் போதாது. லேசாக கூடி பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள 6 பட்டை நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான். முடித்ததும் மறுபடி குழாயை காதில் வைக்க வேண்டும், கலவை மாறினால் சத்தமும் மாறியிருக்கும்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி திணறினால் நட்டை தொடாதீங்க. மேல் மூடியை திறந்து ஆயில் இருக்கிறதா என்று பாருங்க. பாதி கேஸ் இதுதான்.

இப்போது புது சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய செட்டிங்கில் ஓடும் என்ஜினுக்கு பெட்ரோல் போதாத நிலை வரும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு மாறிய பைக்குகளில் சென்சார் பார்த்து சரி செய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, கை வைத்துத்தான் கொஞ்சம் கூட்ட வேண்டும். பழைய ரப்பர் குழாய், வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்பும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. குழாயை மாற்றிவிட்டு டியூனிங்குக்கு போவது நல்லது.

இஷ்டத்துக்கு கூட்டவும் முடியாது. புகை பரிசோதனையில் 2000 மார்ச்சுக்கு முன் தயாரான டூவீலருக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், பழைய பெட்ரோல் காருக்கு 3 சதவீதம்தான் வரம்பு. அதைத் தாண்டினால் சர்டிபிகேட் கிடைக்காது.