செஸ்டர்ஃபீல்டின் திருகிய கூம்பு

இங்கிலாந்தின் டார்பிஷயரில், செஸ்டர்ஃபீல்டை ரயில் நெருங்கும்போதே கூரைகளுக்கு மேலே ஒரு கூம்பு தெரியும். பிழிந்த துணிபோல் 45 பாகை முறுக்கிக்கொண்டு, நுனி 9 அடிக்கு மேல் விலகிச் சாய்ந்து நிற்கும். உயரம் 228 அடி. அது புனித மரியாள், சகல புனிதர்கள் ஆலயம். அந்த ஊரின் பங்குக் கோயில்.

கோயிலின் தரையமைப்பு சிலுவை வடிவம். மேற்கே மக்கள் கூடும் நீண்ட மண்டபம், கிழக்கே பலிபீடம், இருபக்கமும் இரண்டு கைகள். நான்கும் கூடும் இடத்தில் கற்கோபுரம் எழும்பியிருக்கிறது. அதன் தலையில் இருப்பதுதான் இந்த மரக்கூம்பு. கோயிலின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டு வேலை; கூம்பு 1362 வாக்கில் ஏறியது.

ஏன் முறுக்கியது? பால்ஸோவர் ஊர்க் கொல்லன் சாத்தானுக்கு லாடம் அடிக்கையில் ஆணி சதையில் இறங்கிவிட, வலியில் அவன் உதைத்த உதை என்று ஊரார் கதை சொல்வார்கள். 1349இன் கொள்ளைநோயில் தேர்ந்த தச்சர்கள் மாண்டுபோனதால் வேலை அரைகுறையானது என்பது இன்னொரு விளக்கம். உலராத ஓக் மரத்தைப் பயன்படுத்தியதற்காகவும் கூம்பைக் கட்டியவர்களைக் குறை சொல்வதுண்டு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. அதனால் பச்சையாகவே செதுக்கிப் பூட்டி, நின்ற இடத்தில் உலரவிடுவதே அன்றைய வழக்கம். அப்படிக் கட்டிய எத்தனையோ கூரைகள் இன்றும் நேராக நிற்கின்றன.

இங்கே இருந்த குறை வேறு. உள்ளே குறுக்குச் சட்டங்கள் போதவில்லை. உலர்ந்து வளையும் மரத்தை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. அதன்மேல் சுமார் 33 டன் ஈயத் தகடு. சூட்டில் ஈயம் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். வெயில் படும் தெற்குப் பக்கம் அதிகமாகவும் வடக்குப் பக்கம் குறைவாகவும் விரிந்து சுருங்க, பலவீனமான சட்டகம் மெல்ல மெல்லத் திரும்பிற்று.

கண்ணும் கொஞ்சம் ஏமாறுகிறது. கூம்புக்கு எட்டுப் பட்டைதான். தகடுகளை எதிரெதிர்ச் சாய்வில் பதித்திருப்பதால் ஒவ்வொரு பட்டையும் இரண்டாகத் தெரிந்து, முறுக்கை இன்னும் கூட்டிக் காட்டுகிறது.

1961 டிசம்பரில் வடக்குக் கையில் தீப்பிடித்து, பழைய ஆர்கன் எரிந்துபோனது. கூம்பின் மரங்களைத் தீ எட்டாமல் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றினார்கள். ஊரின் கால்பந்து அணியைச் செல்லமாக அழைப்பதே இந்தக் கூம்பின் பெயரால்தான். வருகிறவர்கள் கோபுரப் படியேறி அதன் அடிவரை போகலாம். தலைக்கு மேலே அந்த ஓக் சட்டங்களையே பார்க்கலாம்.