மீன் முட்டையிற் சேரும் நஞ்சு

கொத்மலை ஓயாவை மறித்து 1985ஆம் ஆண்டில் நிறைவெய்திய நீர்த்தேக்கத்தில், தேயிலையும் மரக்கறியும் விளையும் மலைச்சரிவுகளின் மழைநீர் வந்து சேர்கின்றது. அந்நீரோடு உரமும் பீடைகொல்லியும் அடித்துவரப்படுதல் இயல்பே. 1991ஆம் ஆண்டில் அங்கு நீலப்பச்சைப் பாசி பெருகியமை, நீரில் உரச்சத்து மிகுந்தமைக்கு அடையாளமாகும். உரம் இவ்வாறு வெளிப்படத் தோன்றும். இரை வழியே மீனுட் புகும் நஞ்சோ கண்ணுக்குப் புலனாவதில்லை.

இன்று பயிர்த்தொழிலில் விலக்கப்பட்டுள்ள டி. டி. ரி. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது நீரில் அரிதாகவும் கொழுப்பில் எளிதாகவும் கரையும். ஆதலின் நுண்ணுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லுந்தோறும் அதன் செறிவு மிகும். சினைப்பருவத்தில் தாயின் கொழுப்பு முட்டையின் கருவுணவாக மாறும்போது நஞ்சும் உடன் செல்லும்.

நியூயோர்க் மாநிலத்து ஜோர்ஜ் ஏரியில் இதுவே நிகழ்ந்தது. நுவரெலியா ஓடைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்துவிட்ட திரவுட் மீனுக்கு உறவான ஏரித் திரவுட், 1950களில் அங்கு நலமாகவே தோன்றிற்று. அதன் முட்டைகளும் பொரித்தன. எனினும், குஞ்சுகள் கருவுணவை உட்கொண்டு முடிக்குந் தறுவாயில் இறந்தன. முட்டையிற் சேர்ந்த டி. டி. ரி.யே காரணமென 1964இல் பேர்டிக் முதலிய ஆய்வாளர் வெளியிட்டனர்.

பெருமீன் உலவுதல் மட்டும் ஒரு நீர்நிலையின் நலத்திற்குச் சான்றாகாது. மலைநாட்டு நீர்த்தேக்கங்களை ஆராய்வோர் நீரைச் சோதிப்பதோடு அமையாது, மீனின் முட்டையையும் குஞ்சையும் சோதித்தல் வேண்டும். அம்மீனை உண்போர் நாமன்றோ!