அந்தரத்தில் தொங்கும் கலங்கரை விளக்கம்

மெரினா கலங்கரை விளக்கத்தை ஒருவர் கணினியில் முப்பரிமாணத்தில் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அளவுகள் சரி, சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் சரி. கூகுள் எர்த்தில் வைத்தால் ஒழுங்காகத் தரையில் நிற்கிறது. அதே மாடலை, அதே உயர எண்ணுடன் சீசியம் என்ற இன்னொரு முப்பரிமாண பூகோள மென்பொருளில் ஏற்றினால் கடற்கரைக்கு மேலே ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் மிதக்கிறது.

காரணம் பூமியிலேயே இருக்கிறது. கூகுள் எர்த் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. சீசியமோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற, சற்றே தட்டையான கணிதக் கோளத்திலிருந்து கணக்கிடுகிறது. புவியீர்ப்பு எங்கும் ஒரே சீராக இல்லாததால் கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டிப்போவதில்லை. சில இடங்களில் மேலே எழும்புகிறது, சில இடங்களில் கீழே இறங்குகிறது. உலகிலேயே மிக ஆழமாக, 100 மீட்டருக்கும் மேல் அது இறங்கியிருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழகக் கடற்கரை கிடக்கிறது. ஆகவே சென்னையில் கடலோரத் தரைக்குச் சீசியத்தில் தர வேண்டிய உயரம் மைனஸில் வரும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்ட பாடக்குறிப்பைப் பார்த்து வேலை செய்பவருக்கு இது எளிதில் பிடிபடாது. நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய செய்தி இது.

மாடலை ஏற்றும்போது வரும் மற்ற பிழைகளின் காரணம் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டர் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் கட்டடம் ஆயிரம் மடங்கு பெரிதாகும். மேல்திசை எந்த அச்சு என்பது மாறிப்போனால் கோபுரம் மல்லாந்து படுத்துவிடும். சுவரில் ஒட்டிய படங்களின் கோப்புகள் விட்டுப்போனால் சுவர் வெறுமையாக நிற்கும். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது: மாடலின் தொடக்கப் புள்ளியைக் கட்டடத்தின் மூலையில் வைக்காமல், நிலநடுக்கோட்டிலிருந்து வரும் முழுத் தொலைவையும் ஒவ்வொரு புள்ளியிலும் எழுதினால், சென்னையில் 14 லட்சம் மீட்டரைத் தாண்டும் அந்த எண்களில் 32 பிட் கணக்கு 12 சென்டிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தைப் பிடிக்காது. விளிம்புகள் நடுங்கும்.

இப்படிக் கட்டடங்களை வரைய உதவும் ஸ்கெட்ச்அப் மென்பொருளை 2006-இல் கூகுள் வாங்கியபின் உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் ஊர்க் கட்டடங்களைத் தாங்களே வரைந்து கூகுள் எர்த்துக்குக் கொடுத்தார்கள். 2012-இல் வான்வழிப் படங்களிலிருந்து நகரங்களைத் தானாக உருவாக்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டே ஆர்வலர்களின் மாடல்களைப் பெறுவது நின்றது. என்னைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பு. விமானத்திலிருந்து எடுத்த படத்துக்குக் கோயில் மண்டபத்தின் உட்புறம் தெரியாது. தூண்கள் மெழுகுபோல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தூண்களுக்கு நடுவே நின்று அளந்தவர் வரைந்தால்தான் அந்த இடைவெளி இடைவெளியாக வரும்.

அப்படி வரைபவர்களுக்கு வழி இன்னும் அடைபடவில்லை. கணினியில் நிறுவும் கூகுள் எர்த் ப்ரோ, கே.எம்.இசட். கோப்பைத் திறக்கும். அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்: கொலாடா என்ற கோப்பு வடிவில் மாடல், சுவர்ப் படங்கள், கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், திசை ஆகியவற்றைச் சொல்லும் கே.எம்.எல். கோப்பு. இன்று பரவலாகியிருக்கும் ஜி.எல்.பி. என்ற மாடல் கோப்பு வடிவம் இணையத்தில் வேகமாகத் திறக்கும். ஆனால் கட்டடம் பூமியில் எங்கே நிற்கிறது என்பதை எழுத அதன் அடிப்படை வடிவில் இடமே இல்லை. ஊர்க் கோயில் மண்டபத்தை அளந்து வரைபவர்கள் ஜி.எல்.பி.யோடு ஒரு கே.எம்.எல்.லையும் சேர்த்தே பத்திரப்படுத்த வேண்டும். உயரம் கடல்மட்டத்திலிருந்தா, கோளத்திலிருந்தா என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதி வைக்கலாம்.